இரண்டு நாள், ஆறு பேர், 350 வெள்ளி: பழைய இடங்களையும் யூனிவர்சலையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

செங்காங் மலர்

வணக்கம். அடுத்த மாதம் மாமனாரும் மாமியாரும் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சில வாரங்கள் தங்கப்போகிறார்கள். கணவருக்குச் சனி, ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காது. ஒரு வார இறுதியையாவது எல்லாரும் சேர்ந்து வெளியே கழிக்க நினைக்கிறோம்.

மகள் தொடக்கநிலை 4. சமூகவியல் பாடத்தில் ஜப்பானியர் காலம் வந்ததிலிருந்து வீட்டில் கோட்டை, பீரங்கி, சரணடைதல் என்று ஓயாத கேள்வி. மகனுக்கு 5 வயது. கார்ட்டூன் படத்தில் வரும் மினியனைத் தவிர வேறெதுவும் அவன் காதில் விழாது. மாமனாருக்கு நேதாஜி நின்று பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும். மாமியாருக்குக் கோயில் போதும், முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம்.

சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 350 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் நால்வரும் நிரந்தரவாசிகள். பெரியவர்கள் வருகையாளர் அனுமதியில் வருகிறார்கள். சனிக்கிழமை பழைய இடங்கள், ஞாயிற்றுக்கிழமை செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா என்று மனத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. நடக்கிற காரியமா?

கணக்குப்பிள்ளை

ஆறு பேரும் யூனிவர்சலுக்குள் நுழைந்தால் உங்கள் 350 வெள்ளி வாசலிலேயே தீர்ந்துவிடும், அதற்கு மேலும் கடன் வாங்க வேண்டியிருக்கும். பெரியவருக்கு டிக்கெட் 80 வெள்ளியைத் தாண்டுகிறது. 4 முதல் 12 வயதுவரை சிறுவர் டிக்கெட், அதுவும் 60ஐத் தாண்டுகிறது. நீங்கள் நால்வர் மட்டும் போனாலும் ஏறத்தாழ 300 வெள்ளி. மீதி 50 வெள்ளியில் இரண்டு நாள் ஆறு பேர் சாப்பிட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். டிக்கெட் விலையை வயதைப் பார்த்துப் போடுகிறார்கள். சவாரியில் ஏற்றுவதோ உயரத்தைப் பார்த்து. ஐந்து வயதுப் பையனுக்கு நீங்கள் முழுச் சிறுவர் கட்டணம் கட்டுவீர்கள். உள்ளே போனால் பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 செ.மீ. வேண்டும், மம்மி சவாரிக்கு 122, ஜுராசிக் பூங்காவின் படகுச் சவாரிக்கு 107. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 இருந்தால் பெரியவர் துணையோடு ஏறலாம். உங்கள் மகன் எத்தனை செ.மீ.? அதைச் சொல்லுங்கள், பிறகு பட்ஜெட் பேசலாம்.

செங்காங் மலர்

இப்போதுதான் கதவோரம் நிறுத்தி அளந்தேன். 104. மகள் 138.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் அவனுக்காகக் கொடுக்கும் 60 சொச்சம் வெள்ளியில் பெரிய சவாரிகளில் பாதிக்குமேல் கைநழுவும். அளவுகோல் பலகைக்கு முன்னால் நின்று குதிகாலைத் தூக்கும் பிள்ளைகளை அங்கே எந்த நாளும் பார்க்கலாம். ஊழியர் குனிந்து குதிகாலைப் பார்ப்பார், தலையைத் தடவிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார். அக்கா முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க, தம்பி வெளியே அழுதுகொண்டு நிற்க, அப்பாவோ அம்மாவோ 80 வெள்ளி கொடுத்து அவனுக்குக் காவல் இருக்க வேண்டும்.

என் யோசனை: ஒரு பெரியவரும் மகளும் மட்டும் உள்ளே போகட்டும், ஏறத்தாழ 150 வெள்ளி. மற்ற நால்வரும் அதே செந்தோசாவில் இருக்கும் பழைய பீரங்கிக் கோட்டையான சிலோசோ கோட்டைக்குப் போகட்டும். அங்கே நுழைவு இலவசம்.

ஜூரோங் அம்மா

குடும்பமாகப் போவதற்குத்தானே கேட்டிருக்கிறார்? பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் அது என்ன குடும்ப வார இறுதி? சின்னவன் மினியன் என்று உயிரை விடுகிறான். 2025இல் மினியன் லேண்ட் என்று தனிப் பகுதியே திறந்திருக்கிறார்கள். அக்காள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்ல, அவன் பீரங்கியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? பெரியவர்களை வீட்டில் ஓய்வாக விட்டுவிட்டு நால்வரும் போய் வாருங்கள். பிள்ளைகள் ஒருமுறைதான் சின்னவர்களாக இருப்பார்கள். சாப்பாட்டில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை

அம்மா, ஊரிலிருந்து வந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் உட்காரவைத்தால் அதுமட்டும் குடும்ப வார இறுதியா?

ஜொகூர் பயணி

யூனிவர்சலை விடுங்கள். லெகோலாந்து பூங்காவுக்குப் போங்கள், 2012இலிருந்து மலேசியாவின் இஸ்கந்தர் புத்ரியில் இருக்கிறது, ஐந்து வயதுக்கு அதுதான் பொருத்தம். ரிங்கிட்டில் சாப்பாடு. எல்லாம் மலிவு.

பிடோக் பாட்டன்

தம்பி, சனிக்கிழமை காலையில் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டிய அனுபவம் உண்டா? முழங்கால் வலிக்காரரை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். மேலும், அவர்களின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பார்க்காமல் பாலம் தாண்டவே கூடாது. திரும்பி உள்ளே வரவும் அனுமதி வேண்டுமல்லவா?

மலர், சனிக்கிழமைக்கு நான் வழி சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்காரர்கள் என்றால் வேறு எங்கேயும் அலைய வேண்டாம். சைனாடவுனும் தெலுக் ஆயரும்தான் அவர்களுடைய இடம். செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் வண்டி மாறாமல் சைனாடவுனில் இறங்கலாம்.

முதலில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கியது. முதலில் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான். காலையிலேயே போய்விடுங்கள். நண்பகல் 12 மணி அளவில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். அதே சாலையில் சில அடி தள்ளி ஜாமியா பள்ளிவாசல், எண்கோண வடிவில் இரண்டு மினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் எழுப்பியது. உங்கள் மாமனார் ஊர்க்காரர்களின் கைவண்ணம் இந்தச் சாலை முழுக்க இருக்கிறது.

அடுத்து தெலுக் ஆயர் தெரு. பத்து நிமிட நடைதான், மாமியாருக்காக மெதுவாகப் போங்கள். இன்றைக்கு உயரமான கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்ததில் கரை எங்கேயோ போய்விட்டது. கப்பலில் இருந்து இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கட்டியவைதான் அங்கிருக்கும் கோயில்களும் பள்ளிவாசல்களும். கடல்தெய்வம் மாஸுவுக்குச் சீனர்கள் கட்டிய தியன் ஹோக் கெங் கோயில் 1842இல் முடிந்தது. அதை ஒட்டினாற்போல் இரண்டு தமிழ் முஸ்லிம் இடங்கள்: தமிழர்கள் குச்சுப்பள்ளி என்று சொல்லும் அல்-அப்ரார் பள்ளிவாசல், 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா.

அந்தத் தர்காவின் முன்னால் மாமனாரை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கீழே ஐரோப்பியத் தூண்கள். மேலே சின்னஞ்சிறு வளைவு வாசல்களும் கைப்பிடிச் சுவரும் வைத்து ஒரு பொம்மை மாளிகை. மூலைகளில் அடுக்கடுக்காக மெலிந்த மினார்கள். நாகூரை நேரில் பார்த்தவர்கள் அதைப் பார்த்தால் பேசாமல் இருக்க மாட்டார்கள். என் தகப்பனார் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்றுவிட்டுத்தான் போவார், அவர் கும்பிட்டது பெருமாளை.

செங்காங் மலர்

அண்ணே, படிக்கும்போதே மாமனாரின் குரல் காதில் கேட்கிறது. நாகூர் கந்தூரிக்கு ஆண்டுதோறும் போகிறவர். ஆனால் 12 மணிக்குமேல் வெயிலில் என்ன செய்வது? மாமியாருக்கு உட்கார இடம் வேண்டும், பிள்ளைகளுக்குக் குளிர்சாதனம் வேண்டும். அருங்காட்சியகங்களில் எங்களுக்குக் கட்டணம் இல்லை, அவர்களுக்கு உண்டு என்று கேள்விப்பட்டேன்.

நடைவிரும்பி

ஆமாம், தேசிய அருங்காட்சியகம், இந்திய மரபுடைமை நிலையம் போன்றவற்றில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், வருகையாளர் கட்ட வேண்டும். அதனால் மாக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தில் இருக்கும் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். யாராக இருந்தாலும் இலவசம். நல்ல குளிர். நகர மையத்தின் பெரிய மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது. காலையில் நடந்த தெருக்களை அதில் தேடச் சொன்னால் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் போய்விடும், கடல் எங்கே தள்ளிப்போனது என்பதும் ஒரு பார்வையில் புரியும். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமை மாலை 5 வரை உண்டு. உங்கள் சனி, ஞாயிறு வரிசையை மாற்றாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மாக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். பிள்ளைகளுக்கு அது சரி. சைவம் கண்டிப்பாக வேண்டும் என்றால் சவுத் பிரிட்ஜ் சாலைப் பக்கத்தில் தென்னிந்திய உணவகம் தேடுங்கள், அல்லது வடகிழக்குப் பாதையில் மூன்று நிலையம் தாண்டி லிட்டில் இந்தியாவில் இறங்கிச் சிராங்கூன் சாலையில் சாப்பிட்டுவிடுங்கள்.

ஜூரோங் அம்மா

புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் முடிந்தது. இதற்கு எதற்கு மூன்று நிலையம்?

நடைவிரும்பி

உணவங்காடியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தேநீர்கூட வாங்காமல் ஆறு இருக்கைகளைப் பிடித்து உட்கார்ந்தால் கடைக்காரர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே! அதைத் தாங்க முடியுமென்றால் தாராளமாக.

முன்னாள் வழிகாட்டி

மாமனாரின் நேதாஜி ஆசைக்கு ஒரு வழி. சனிக்கிழமை மாலை வெயில் தாழ்ந்ததும் சிட்டி ஹாலுக்குப் போங்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி இந்தியத் தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு அவர் பேசியது அங்கிருக்கும் பாடாங் திடலில். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது கேத்தே கட்டடத்தில். பாடாங்குக்கு எதிரே எஸ்பிளனேட் பூங்காவில், மறைந்த அந்த வீரர்களுக்கு 1945இல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் அடையாளச் சின்னம் வைத்தது. பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் சேர்ந்ததை மகளுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் அந்தப் பக்கத்தில் அவ்வளவாக நிற்பதில்லை.

இனிச் சிலோசோ கோட்டை. கணக்குப்பிள்ளை சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மகள் அதைப் பார்க்காமல் யூனிவர்சலுக்குள் போவதுதான் இடிக்கிறது. பீரங்கி என்று துடிக்கிறவள் அவள்தானே?

அவள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு: ‘பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து நின்றதாமே, அதனால்தான் தோற்றோமா?’ ஊர் முழுக்கச் சொல்லும் கதை அது. உண்மையில் கடற்கரைப் பீரங்கிகள் பலவற்றைத் தரைப்பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். ஆனால் கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டுகள். பரவலாக ஓடிவரும் காலாட்படையை அவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஜப்பானியர் 1942 பிப்ரவரி 8 இரவு வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். 15ஆம் தேதி, அன்றைக்குச் சீனப் புத்தாண்டு, புக்கிட் தீமாவின் ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார். ஒரு வாரம்தான். கோட்டையில் பீரங்கிகளையும் சுரங்க வழிகளையும் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னால் அவளுக்கு மறக்காது.

நடைவிரும்பி

முழங்காலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே. சிலோசோ கோட்டைக்கு வானநடைப் பாலம் இருக்கிறது. 11 மாடி உயரம், 181 மீட்டர் நீளம். மின்தூக்கியில் ஏறிவிடலாம், படியேற வேண்டியதில்லை. மரங்களின் தலைக்கு மேலேயே நடந்து கோட்டைக்குள் போகிறீர்கள், கடலில் கப்பல் வரிசை தெரியும். இதற்கும் கட்டணம் கிடையாது. மாமியார் பாலம்வரை வந்து பார்த்துவிட்டு நிழலில் உட்காரலாம். கோட்டைக்குள் ஏற்ற இறக்கம் உண்டு, அவரை அங்கே இழுக்க வேண்டாம்.

செந்தோசாவுக்குள் போவதிலும் காசு மிஞ்சும். விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் உள்ளே போக ஆளுக்கு 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். நடைபாதை வழியாகப் போனால் எதுவும் இல்லை. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து 123ஆம் எண் பஸ் வழக்கமான கட்டணத்தில் தீவுக்குள் போகிறது. பெரியவர்களை அதில் ஏற்றுங்கள். தீவுக்குள் ஓடும் பஸ், கடற்கரை டிராம் எல்லாம் இலவசம்.

செங்காங் மலர்

எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன பதில்: “மகளோடு நீ போ.” ஊஞ்சலில் ஆடினாலே அவருக்குத் தலை சுற்றும், இந்த வாய்ப்புக்காகவே காத்திருந்ததுபோல் பிடித்துக்கொண்டார். நான் சின்ன வயதில் பாசிர் ரிஸ் எஸ்கேப் பூங்காவில் வரிசையில் நின்றவள், எனக்கு மறுப்பு இல்லை.

வழிகாட்டி அண்ணன் சொன்னதும் சரி. மகள் கோட்டையை விடமாட்டாள். பூங்கா திறந்ததும் நானும் அவளும் உள்ளே போகிறோம். மதியத்துக்குமேல் கூட்டம் கூடும் நேரத்தில் வெளியே வந்து, கோட்டை மூடுவதற்குள் மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறோம். மகனுக்குக் காலையில் கடற்கரை, மணல், டிராம். ஜூரோங் அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், அவன் 125 செ.மீ. வளர்ந்ததும் அவனுக்கென்று ஒரு நாள் ஒதுக்குவோம்.

ஜூரோங் அம்மா

கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் 125 வளரும்போது அவனுக்கு மினியன் பிடிக்குமா என்று மட்டும் யோசியுங்கள்.

பிடோக் பாட்டன்

அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது. பெரியவர்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு மாலை அவனை ஹாவ் பார் வில்லாவுக்குக் கூட்டிப்போங்கள். டைகர் பாம் தைலக் குடும்பத்து ஆவ் பூன் ஹா தம்பிக்காக 1937இல் கட்டியது, தோட்டம் முழுக்கச் சிலைகள், நுழைவு இலவசம், எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. 1990இல் அதையும் சவாரிகள் வைத்து டிக்கெட் போட்டு விளையாட்டுப் பூங்காவாக்கிப் பார்த்தார்கள், ஓடவில்லை. சிலைகள் மட்டும் மிஞ்சின. நண்டு உடம்பில் மனிதத் தலை என்றெல்லாம் இருக்கும், ஐந்து வயதுக்கு மினியனைவிடச் சுவாரசியம். நரகக் காட்சிகள் உள்ள அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம், அந்த வயதுக்கு அது வேண்டாம், இரவில் நீங்கள்தான் விழித்திருக்க வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை

மலர், இதோ கணக்கு. பூங்கா டிக்கெட் இரண்டுக்கும் 150 என்று வையுங்கள். இரண்டு நாள் ரயில், பஸ் எல்லாருக்கும் 35. மகனுக்கு 7 வயது ஆகாததால் இலவசம், ஆனால் உயரம் 90 செ.மீ.யைத் தாண்டிவிட்டதால் அவனுக்கான சலுகை அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு 45, மாலையில் தேநீரும் வடையும் 12. ஞாயிறு பூங்காவுக்குள் நீங்கள் இருவரும் சாப்பிட 40. வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர்ப் போத்தல் மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். வெளியே நால்வருக்கு 25. செந்தோசாவுக்குள் சாப்பிடாமல் ஹார்பர்ஃபிரண்டில் சியா இம் உணவங்காடியில் முடித்துவிட்டுப் போனால் இந்தத் தொகை தாங்கும். மொத்தம் 307. கையில் 43 மிச்சம்.

டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையத்தளத்திலோ தெரிந்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். எங்கள் மாடியில் ஒருவர் கைப்பேசிக் குழு ஒன்றில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று நான்கு டிக்கெட் வாங்கினார். வாசலில் அந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று என்று வந்தது. விற்ற ஆள் குழுவிலிருந்தே காணாமல் போய்விட்டார்.

தேதியைப் பார்த்து எடுங்கள். பள்ளி விடுமுறை வாரமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை சிறுவர் தினத்துக்குத் தொடக்கப்பள்ளிகள் விடுமுறை. விடுப்பு எடுக்க முடிகிறவர்களுக்கு வார நாளில் போக ஒரு வாய்ப்பு. ஆனால் அதே யோசனை மற்ற பெற்றோருக்கும் வரும்.

முன்னாள் வழிகாட்டி

மின்னல் வெட்டினால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் உள்ளே நுழைந்ததும் முதலில் வெளிப்புறத்தில் இருக்கும் பெரிய சவாரிகளை முடித்துவிடுங்கள். கூரைக்குள் இருப்பவற்றை மழைக்கு வைத்துக்கொள்ளலாம். படகுச் சவாரிக்கு மழையங்கி வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

செங்காங் மலர்

எல்லாருக்கும் நன்றி. மாமனாரிடம் நாகூர் தர்காவைச் சொல்லவில்லை, நேரில் பார்க்கட்டும். இன்னும் ஒரு சந்தேகம்: சனிக்கிழமை கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில் எல்லாம் ஏறி இறங்க மாமியார் சேலையில் வருவார். பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை பரவாயில்லையா?

பிடோக் பாட்டன்

முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை போட்டுவிடுங்கள், பள்ளிவாசலுக்குள் போவதென்றால் கேள்வியே வராது. முக்கியமாக எல்லாருக்கும் சுலபமாகக் கழற்றும் செருப்பு. கயிறு கட்டும் காலணியை ஒவ்வொரு வாசலிலும் கழற்றி மாட்டினால் தெலுக் ஆயர் போய்ச் சேர மதியமாகிவிடும்.

ஜூரோங் அம்மா

கடைசியாக ஒன்று. பூங்காவை விட்டு வெளியே வரும் வழியிலேயே பொம்மைக் கடைகள் இருக்கும். அந்த 43 வெள்ளியைக் கணக்குப்பிள்ளை மிச்சம் என்று எழுதியிருக்கிறார். அது மினியன் பொம்மைக்கு. வெறுங்கையோடு அந்தப் பையன் முன்னால் போய் நிற்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை

சின்ன மினியனாக வாங்கச் சொல்லுங்கள்.